சிவப்பு நாற்காலியும் கரையாத மாப்பிள்ளையும்

எனக்குக் கோபம் வர உலகத்தில் பெரிய அநியாயம் எதுவும் நடக்க வேண்டியதில்லை. மின்தூக்கிக் கதவு மூடப்போகும் கடைசி நொடியில் கையை நுழைத்து, "சோரி லா" என்று இளிக்கிறார்களே, அது போதும். நான் இறங்க வேண்டிய மாடி வருவதற்குள் அந்த ஆளை மனத்துக்குள் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை செய்து, ஆயுள் தண்டனையும் கொடுத்து முடித்திருப்பேன். (வெளியில் பார்ப்பவர்களுக்கு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் தெரியும். வீரமெல்லாம் உள்ளுக்குள்.)

இந்த எரிச்சல்களில் எனக்கு இரண்டு செல்லப் பிள்ளைகள் உண்டு. முதலாவது, பொதுச் சாலையில் நாற்காலி, பூச்சட்டி, காலி பெயிண்ட் வாளி என்று கையில் கிடைத்ததை வைத்து, 'இது என் காடி நிற்கும் இடம்' என்று காருக்குப் பட்டா போட்டுக்கொள்வது. குனோங் ராபாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கற்றாழைச் சட்டி வைத்திருந்தார். காலையில் நான் அதை நகர்த்துவேன். மாலையில் அவர் அதைத் திரும்ப வைப்பார். எங்கள் இருவர் புண்ணியத்தில் தினமும் நடைப்பயிற்சி கிடைத்து, அந்தக் கற்றாழை மட்டும் தளதளவென்று வளர்ந்தது.

இரண்டாவது, குரல் பதிவு. ஒரு வரியில் எழுதிவிடக்கூடிய சேதியை, தொண்டையைச் செருமி, "ஹலோ, கேக்குதா?" என்று ஆரம்பித்து (பதிவில் கேட்டால் நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வது?), நடுவில் குக்கர் விசில், நாய்க்கு ஒரு அதட்டல், பிள்ளைக்கு ஒரு அடி எல்லாம் சேர்த்து அனுப்புவார்கள். என் அக்கா இதில் மகாராணி. "எழுதி அனுப்பு. வாய்ஸ் அனுப்பினா செத்தாலும் கேக்க மாட்டேன்" என்று அவளிடம் அறிவித்திருந்தேன். கொள்கை என்று ஒன்று வேண்டாமா மனிதனுக்கு?

அந்த அக்காதான் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வயதில், பல இடங்கள் தட்டிப்போன பிறகு, செமோரில் ஷாமினி அமைந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. "இந்த எடமும் உன் வாயால போச்சுன்னா, நீ அந்தக் கற்றாழையவே கட்டிக்க" என்றாள் அக்கா.

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். இந்த இடத்தை விட எனக்கே மனமில்லை. சில வாரங்களாக ஷாமினியும் நானும் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தோம். கவனியுங்கள், எழுதிக்கொண்டிருந்தோம். முற்றுப்புள்ளி வைத்து, கேள்விக்குறி வைத்து, முழு வாக்கியமாக எழுதும் பெண்! கற்றாழைப் போரின் அன்றாடச் செய்திகளைக் கூட நான் அனுப்புவேன். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பாள். என் புலம்பலுக்கு "அப்புறம்" என்று கேட்ட முதல் ஜீவன் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் "போதும்" என்றுதான் சொல்வார்கள்.

பெண் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவும் அக்காவும் பழத்தட்டுகளோடு அக்காவின் காடியில் பின்னால் வருவதாக ஏற்பாடு. நான் முன்னால் கிளம்பினேன். ஜிப்பா கசங்கினால் எனக்கு எரிச்சல் (இது மூன்றாவது பிள்ளை), அதனால் அதைப் பின்னிருக்கைக்கு மேலே தொங்கவிட்டு, அக்குளில் ஓட்டை விழுந்த பழைய பந்தாட்ட ஜெர்சியும் அரைக்கால் சிலுவாரும் போட்டிருந்தேன். செமோரில் எங்காவது ஓரமாக நிறுத்தி, மாப்பிள்ளையாக மாறிக்கொள்வதாகத் திட்டம்.

வழியில் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. மூன்று நிமிட நீளம். நான் ஒரு புன்னகையோடு அதைப் பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டேன். வீட்டு இருப்பிடத்தைத்தான் வரைபடத்தில் ஏற்கெனவே அனுப்பிவிட்டாளே.

வரைபடம் என்னைச் செமோரில் ஒரு தாமான் குடியிருப்புக்குள் கொண்டுபோய், ஒரு விளையாட்டுத் திடலின் நடுவில் ஊஞ்சலைக் காட்டி, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது. வீடு அந்தப் பக்கம் எங்கோ இருக்கும், காடியை வைத்துவிட்டுத் தேடலாம் என்று திரும்பினேன். சாலையின் இரண்டு பக்கமும் காடிகள். ஒரே ஒரு இடம் காலி. அதன் நடுவில், ராஜா மாதிரி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அது காற்றில் பறந்துவிடாமல் மேலே ஒரு செங்கல்.

எனக்கு ரத்தம் சூடேறியது. இறங்கினேன். நாற்காலியைத் தூக்கி லோங்காங் சாக்கடை ஓரம் வைத்தேன். செங்கலைத் தனியாக வைத்தேன். அந்த வீட்டு வாசலில் பனியனும் கைலியுமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், ரப்பர் குழாயோடு ஓடி வந்தார்.

"தம்பி, தம்பி! நாற்காலிய எடுக்காதீங்க லா. ஆள் வராங்க."

"ஏன் அங்கிள், இது உங்க அப்பா போட்ட ரோடா?"

அவர் நிதானமாக யோசித்தார். "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினாரு. ரோடு போடல."

"அப்ப எல்லாருக்கும் சொந்தம்தானே?"

"சொந்தந்தான். ஆனா மாப்பிள்ளை வராரு தம்பி. மொதத் தடவ வராரு. எடம் தேடிக்கிட்டு அலைய விட்டா நல்லா இருக்குமா?"

(இந்த இடத்தில் வாசகர்கள் எல்லாரும் விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பீர்கள். நான் மட்டும் புரிந்துகொள்ளவில்லை. வீடு ஊஞ்சலுக்கு அந்தப் பக்கம் என்று முடிவு செய்திருந்தேன். முடிவு செய்துவிட்டால் நான் மாற்றிக்கொள்வதில்லை. இதுவும் ஒரு கொள்கை.)

"மாப்பிள்ளைக்குக் கால் இல்லையா? மூலையில நிப்பாட்டிட்டு நடந்து வரட்டும்."

"வெயில் தம்பி. வேர்க்கும்ல."

"வேர்த்தா? கரைஞ்சா போயிடுவாரு? சக்கரையில செஞ்ச மாப்பிள்ளையா?"

வீட்டு இரும்புக் கிராதிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தலையில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது முகத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"அப்பா, அவரு சொல்றதும் சரிதான்ப்பா" என்றாள். பிறகு என்னிடம், "சொல்லுங்க சார், அந்த மாப்பிள்ளைய என்ன செய்யலாம்?"

எனக்கு மேடை கிடைத்துவிட்டது. "நல்லா யோசிங்க" என்றேன் பெரியவரிடம். "இப்பவே நாற்காலி போட்டு வச்சிட்டீங்கன்னா, கல்யாணத்துக்கு அப்புறம் ரோட்டுல கட்டில் போடச் சொல்லுவாரு. தனக்கு ஒரு எடம் தேடத் தெரியாதவன் உங்க பொண்ண எப்படிக் காப்பாத்துவான்? நானா இருந்தா அவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன் அங்கிள்!"

"கொடுக்க வேணாம்னு சொல்றீங்க?" என்றாள் அவள்.

"வேணவே வேணாம்!"

"கொஞ்சம் கூட பாவம் இல்லியா?"

"துளி கூட இல்ல. தொரத்தி விடுங்க!"

அவள் கிராதியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பெரியவர் குழாயை மறந்து, தன் கால்மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மிகக் கவலையாக என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தோன்றியது.

அப்போதுதான் பின்னால் அக்காவின் காடி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, ஊருக்கே கேட்கும்படி அக்கா சொன்னாள்: "பரவால்லியே! வாய்ஸ் கேட்டு கரெக்டா வந்துட்டியே! மாமா, வணக்கம் மாமா! எங்க தம்பி வந்ததும் பேச ஆரம்பிச்சிட்டானா?"

நான் அக்காவைப் பார்த்தேன். பெரியவரைப் பார்த்தேன். நாற்காலியைப் பார்த்தேன். லோங்காங்கையும் பார்த்தேன். உள்ளே இறங்கிப் படுத்துக்கொள்ள ஆழம் போதுமா என்று.

பெரியவர் என் ஜெர்சியை மேலிருந்து கீழாகப் படித்தார். அக்கா அவர்களுக்குக் கொடுத்திருந்தது, யாரோ கல்யாணத்தில் எடுத்த என் பழைய படம். அதில் எனக்குத் தலை நிறைய முடி இருக்கும், தொப்பை இருக்காது. இப்போது இரண்டும் இடம் மாறியிருந்தன.

"மாப்பிள்ளை இவருதான்னு ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று மகளிடம் கேட்டார்.

"அப்பா போட்ட ரோடான்னு கேட்டப்பவே தெரிஞ்சிருச்சுப்பா. கற்றாழைக்காரர்கிட்டயும் இதையேதான் கேக்கறாரு. தெனமும்."

கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்த பிறகும், காடிக்குள்ளேயே அவசரமாக மாட்டிக்கொண்ட ஜிப்பாவுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. நடக்காமலேயே. அக்கா சும்மா இருப்பாளா? என் கைப்பேசியைப் பிடுங்கி, "நான் சொல்லலைன்னு யாரும் நெனைக்கக் கூடாது" என்று அந்தக் குரல் பதிவை அத்தனை பேர் முன்னாலும் ஓடவிட்டாள்.

"ஹலோ, கேக்குதா? டேய், அவங்க வீட்டு முன்னால செவப்பு நாற்காலி போட்டிருப்பாங்க, அது ஒனக்குத்தான், நகத்திட்டு நிப்பாட்டு." விசில். "பனியன் போட்டுக்கிட்டு ஒருத்தரு நிப்பாரு, அவருதான் பொண்ணோட அப்பா, நல்ல மனுசன்." நாய். "வணக்கம்னு மட்டும் சொல்லு. மத்தபடி தயவு செஞ்சு வாயத் தொறக்காத. வச்சிடவா?"

பெரியவர் எழுந்து வெளியே போனார். முடிந்தது, கற்றாழைதான் இனி என்று நினைத்தேன். அவர் அந்தச் சிவப்பு நாற்காலியோடு திரும்பி வந்தார். தோள்துண்டால் அதைத் துடைத்தார். கூடத்தின் நடுவில் வைத்தார்.

"இதுல உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். "ஒங்களுக்குன்னு போட்டதுதான்."

எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன். ஷாமினி காபித் தட்டை நீட்டி, மெதுவாக, "சக்கர கம்மியா போட்டிருக்கேன். நீங்கதான் சக்கரையில செஞ்சவர் இல்லையே" என்றாள். அதுதான் அவள் சம்மதம் சொன்ன விதம். (இதை எழுதி அனுப்பியிருந்தால் பத்திரப்படுத்தி வைத்திருப்பேன்.)

திருமணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. அக்காவின் குரல் பதிவுகளை இப்போது விசில் உட்பட முழுவதும் கேட்கிறேன். ஷாமினியின் தங்கைக்கும் கல்யாணமாகிவிட்டது. செமோர் வீட்டுக்கு முன்னால் இன்றும் நாற்காலி போடுகிறார்கள், இளைய மாப்பிள்ளைக்கு. நான் சொன்ன சட்டப்படி எனக்கு அந்த இடம் கிடையாது. தாமான் மூலையில் நிறுத்திவிட்டு, வெயிலில், பழப்பையும் பிள்ளையுமாக நடந்து வருவேன். மாமனார் வாசலில், குழாயும் கையுமாக, எனக்காகவே காத்திருப்பார்.

"என்ன மாப்பிள்ளை, கரைஞ்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப உள்ள வாங்க."