பிரபஞ்சம் கிடக்கட்டும், சீர்த்தட்டோடு வாருங்கள்

பாரோயில் வாழும் மரியாதைக்குரிய மச்சான் ஹேமநாதன் அவர்களுக்கு, மம்பாவ் பக்கத் தோட்டத்திலிருந்து உங்கள் தங்கை பஞ்சாலையின் கணவன் நல்லசாமி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுத வேண்டியதாயிற்று.

மச்சான், விடை கிடைத்துவிட்டது! நீங்கள்தான் ஜெயித்தீர்கள்! போன ஞாயிற்றுக்கிழமை தோசை மாவு பொங்கி அடுப்படியெல்லாம் வழிந்ததே, அதைப் பார்த்துவிட்டு இயற்பியல் படித்த என் மகள் ரோகினி சும்மா இருந்திருக்கலாம். "பிரபஞ்சமும் இப்படித்தான்பா. ஒரு பக்கம் உப்புறது நின்னாலும் இன்னொரு பக்கம் உப்பிக்கிட்டே போகும், முடிவே இல்ல" என்றாள். "முடிவு இல்லாட்டி போவுது, ஆரம்பம் இருக்கணும்லா? மாவு ஆட்டாம எப்படிப் பொங்கும்?" என்றீர்கள். நானாவது வாயை மூடிக்கொண்டு தோசையைத் தின்றிருக்கலாம். "நேத்து மாவுல கொஞ்சம் எடுத்துத்தான் இன்னைக்கு மாவுல கலக்குறோம். நேத்து மாவுல முந்தாநாள் மாவு. இப்படியே போனா ஆரம்பமே வேணாம்லா" என்றேன். "அப்ப என் தங்கச்சி மாவே ஆட்டலன்னு சொல்றீங்களா மாப்ள?" என்று பாதித் தோசையில் கையைக் கழுவி மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றிலிருந்து பஞ்சாலை, "ஆட்டினாலும் ஆட்டலம்பீங்க" என்று மாவு ஆட்டுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு மூன்று வேளையும் ரொட்டிதான்.

இப்போது ரோகினி புதிதாக ஒன்று சொல்கிறாள். விரிந்துகொண்டே இருப்பதைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் கணக்கு எங்கோ முட்டி நின்றுவிடுமாம். முன்னால் முடிவில்லாமல் போகலாம், பின்னால் அப்படிப் போக முடியாதாம்! அப்படியென்றால் நீங்கள் சொன்னபடி ஆரம்பம் உண்டு! கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தோற்றதில் இத்தனை சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆகவே கோபத்தை விடுங்கள். வரும் ஞாயிறு ரோகினிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர்த்தட்டை வைக்காமல் நம் வீட்டில் எதுவும் தொடங்காது. "மாமா வராம நான் மணையில உட்கார மாட்டேன்" என்று பிள்ளை அழுகிறாள். பிரபஞ்சத்துக்கு எப்படியோ, எங்களுக்குத் தொடக்கம் நீங்கள்தான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. அம்மன் எல்லாருக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும், முதலில் எனக்கு.

இப்படிக்கு,
மனமாரத் தோற்றுப்போன
நல்லசாமி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிறே வந்துவிட்டது, நீங்களும் தட்டோடு வந்துவிட்டீர்கள். நான் ஓடிவந்து வாய் திறப்பதற்குள், "மாப்ள, யூடியூப்ல பார்த்தேன். உப்புறதுக்கு முன்னாடி வேற என்னமோ இருந்திருக்கலாமாம். ஆரம்பம்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். நீங்க சொன்னதுதான் சரிலா!" என்றீர்கள். நான் விடுவேனா? "இல்ல மச்சான், நீங்கதான் சரி" என்றேன். "அப்ப நான் பார்த்தது பொய்யா?" என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துவிட்டீர்கள். மறுபடியும் பேச்சு இல்லாமல் போனதால் இதைப் பஞ்சாலை கையில் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்குகிறார்கள். யார் தோற்றது என்பதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொள்ளலாம், தட்டைக் கீழே வையுங்கள் மச்சான்.