பாப்பாவுக்கு வயது நாற்பத்தொன்று

"பாப்பா, அடுத்த பேஷண்ட்டை உள்ள அனுப்பும்மா!"

பல் டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்த பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. மூத்த மகன் காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் எழுந்ததும், காத்திருந்த பெரியவர் ஒருவர் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாப்பா எங்கம்மா?" என்று விசாரித்தார்.

அவ்வளவுதான். பதினாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அன்று நேரே டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். காரணம் இருந்தது. அடுத்த மாதம் இரண்டாவது கிளினிக் திறக்கிறார்கள். அதற்கு மேனேஜராக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பாப்பாவை யார் மேனேஜராக மதிப்பார்கள்?

"டாக்டர், இனிமே என்னைப் பாப்பான்னு கூப்பிடாதீங்க."

டாக்டர் ஆடிப்போனார். கெட்ட மனிதர் இல்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. நர்ஸ் அவருக்குச் 'செல்லம்', எக்ஸ்ரே எடுக்கும் பெண் 'குட்டி'.

"அய்யய்யோ, கோவிச்சுக்காத பாப்... கோவிச்சுக்காதீங்க மேடம்!"

மேடம்! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் சரியாக அரை மணி நேரம் நீடித்தது. "மேடம், கொஞ்சம் வாங்க மேடம்" என்று டாக்டரே குழைவதைப் பார்த்தவர்கள், இவள்தான் பெரிய டாக்டர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் அவள் மேஜைக்கே வந்து ஆவென்று வாயைத் திறந்தார்.

"நான் டாக்டர் இல்லீங்க!"

"பரவால்ல மேடம், சும்மா பாருங்க. உள்ள இருக்கற சின்ன டாக்டர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

சின்ன டாக்டருக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது.

"மேடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! இனிமே அவங்கவங்க வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்!"

அதன்பிறகு, "ரிசப்ஷன்!", "எக்ஸ்ரே!", "நர்ஸ்!" என்று கிளினிக்கே அதிர்ந்தது. பத்து நிமிஷத்தில் நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாம் உங்களாலதான்க்கா. வீட்டுல என்னை 'ஏய்'னுதான் கூப்பிடறாங்க. செல்லம்னு சொல்ல இந்த மனுஷன் ஒருத்தர்தான் இருந்தாரு."

"எனக்கு இப்பதான் நிம்மதி. குட்டின்னு கேட்டாலே உடம்பெல்லாம் எரியும்" என்றாள் எக்ஸ்ரே பெண்.

ஆளுக்கொரு ரகம்! "ஆயாம்மா, குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ரிசப்ஷன்காரி காகிதத்தை எடுத்தாள். யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வரிசையாக எழுதி, டாக்டரின் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டினாள். இதற்கு மேல் என்ன குழப்பம் வந்துவிடும்?

வந்தது. டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லை முக்கால்வாசி ஆட்டிவிட்டு, குறட்டுக்காகக் கையை நீட்டினார். கூப்பிட வாயைத் திறந்தவர் அப்படியே நின்று சுவரைப் பார்த்தார்.

"பேஷண்ட் இருந்தா சிஸ்டர், இல்லேன்னா செல்லம்... இப்ப பேஷண்ட் இருக்காரு, அப்போ..."

"இருக்கேன் டாக்டர்! எதையாவது சொல்லிக் கூப்பிட்டுத் தொலைங்க, உயிர் போகுது!" என்று அலறினார் பேஷண்ட்.

பல் ஒருவழியாக வெளியே வந்தது. பின்னாலேயே டாக்டரும் கையுறையைக் கழற்றி வீசிக்கொண்டு ரிசப்ஷன் மேஜைக்கு வந்தார்.

"நீங்களே பேசி ஒரே முடிவா எடுங்க! நாலு பேரும் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஆறு மணிக்குள்ள என் கைக்கு வரணும். வந்தா புது கிளினிக்குக்கு நீங்கதான் மேனேஜர். வரலேன்னா பழையபடி பாப்பா!"

அவளுக்கு இறக்கை முளைத்துவிட்டது. 'பெண் ஊழியர்களைப் பெயர் சொல்லி மட்டுமே அழைக்க வேண்டும். வயதைக் குறிக்கும் சொல்லோ செல்லப் பெயரோ கூடாது' என்று எழுதினாள். எக்ஸ்ரே பெண் உடனே கையெழுத்துப் போட்டாள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன், நாளையிலேர்ந்து செல்லம்னுதான் கூப்பிடுவாரு" என்று சத்தியம் செய்து நர்ஸிடமும் வாங்கியாயிற்று. தன் கையெழுத்தோடு மூன்று. நாலாவது வரிசையில் பெயர் என்ற இடத்தில் ஆயாம்மா என்று மளமளவென்று எழுதிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். மணி ஆறாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"ஆயாம்மா! சீக்கிரம், இதுல ஒரு கையெழுத்து! நம்மளை வாய்க்கு வந்தபடி கூப்பிடறதுக்கெல்லாம் இன்னியோட முடிவு கட்டறோம்!"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"போடறேன்க்கா. எனக்கு இருபத்தாறு வயசு. என்னை ஆயான்னு கூப்பிடறவங்க மேல புகார் எழுத வேற பேப்பர் இருக்கா, இல்ல இதுக்குக் கீழயே எழுதட்டுமா?"