கூடுதல் விலைக்குச் சம்மதம்

உள்நாட்டுப் பொருளுக்கு மக்கள் கூடுதல் விலை கொடுப்பார்களா என்ற மாபெரும் கேள்வி அரசாங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. அரசாங்கம் தூங்காமல் இருப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்பதால், உடனே பதில் கண்டுபிடிக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்தது கடைத்தெருக் குடைக்காரரை.

குடைக்காரர் பின்கட்டில் பட்டறை வைத்துத் தானே குடை செய்து, முன்னால் விற்பவர். குடை நல்ல கெட்டி. ஆனால் பக்கத்துக் கடையில் வெளிநாட்டுக் குடை பாதி விலை. மின்கட்டணச் சலுகை ஒன்றுதான் பட்டறையை மூட விடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆய்வு என்றதும், தன் குடையை யாரும் சீந்துவதில்லை என்று தெரிந்தால் சலுகையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவராகவே முடிவுகட்டினார்.

முந்தின நாளே தெரு முழுக்க ஏறி இறங்கினார்.

"நாளைக்கு ஒரு சார் வந்து கேப்பாரு. கூடுதல் விலை குடுப்பேன்னு சொல்லிடுங்க. வாங்கணும்னு இல்லை, சொன்னா போதும்."

"இதெல்லாம் ஒரு உதவியா அண்ணே?" என்றார் தையல்காரர். வாங்க வேண்டியதில்லை என்றதுமே தெருவில் நாட்டுப்பற்று பொங்கிவிட்டது.

மறுநாள் அதிகாரி கடைவாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். தையல்காரர் கொடுப்பேன் என்றார். மருந்துக்கடைக்காரர் இரண்டு மடங்கு கொடுப்பேன் என்றார். வாத்தியாரம்மா கண்ணே கலங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. மூவரும் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு வெளிநாட்டுக் குடை வாங்கிப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

குடைக்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சார், அவங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க."

"அம்மா, நான் மனப்பான்மையை ஆராய வந்திருக்கேன். கை வேற டிபார்ட்மெண்ட்."

கொஞ்ச நாளில் ஆணை வந்தது. பொதுமக்கள் கூடுதல் விலை கொடுக்க ஒருமனதாகச் சம்மதித்துள்ளபடியால், மேற்படி பட்டறைக்கு இனி அரசின் சலுகை தேவையில்லை என மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்பட்டிருந்தது.

குடைக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"சார், அத்தனையும் பொய் சார். ஒருத்தரும் வாங்கறதில்லை."

"பொதுமக்களைப் பொய்யருங்கன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லை..."

"இப்ப ஒருமனதா இருக்கு. குடுக்க மாட்டேன்னு யாராவது ஒரே ஒருத்தர் என் முன்னாடி சொல்லட்டும். ஆணை தானா ரத்தாயிடும்."

ஒருவர் போதும் என்றதும் குடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுபடியும் தெருவில் ஏறி இறங்கினார்.

"மாட்டேன்னு நானா சொல்றது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார் தையல்காரர்.

"உங்களுக்காக உயிரைக் கேளுங்க அண்ணே, தரேன். இது மட்டும் வேணாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். வாத்தியாரம்மா கதவையே திறக்கவில்லை.

"ஊரை எதுக்குக் கெஞ்சறீங்க?" என்றாள் மனைவி. "நீங்களே சொல்லுங்க. உங்க சட்டை வெளிநாடு, செருப்பு வெளிநாடு. குடைக்குப் போடற துணி கூட வெளிநாடு. மலிவுன்னுதானே வாங்கறீங்க? உள்ளதைச் சொல்ல என்ன கூச்சம்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சம்மதித்தார்.

அதிகாரி மறுபடி மேசை போட்டார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"உள்நாட்டுப் பொருளுக்குக் கூடுதல் விலை குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

'மாட்டேன்' நுனிநாக்கு வரை வந்துவிட்டது. மனைவி தலையாட்டித் தைரியம் சொன்னாள். குடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. அவருடைய நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"என்ன சார் கேள்வி இது? கண்டிப்பா குடுப்பேன்."

தெரு கைதட்டியது. அதிகாரி எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் தையல்காரர் மெல்லக் கிட்டே வந்தார்.

"பட்டறையை எப்படியும் மூடத்தானே போறீங்க அண்ணே? மிச்சம் இருக்கற குடையெல்லாம் பாதி விலைக்குத் தருவீங்களா?"