அலுமாரிக்கு வந்த பொலிஸ்

மன்னார்த் தீவில் இவரளவுக்குச் சனத்தைக் கலைத்தவர் ஒருவருமில்லை. ஆள் என்னவோ மரச்சாமானுக்கு மெருகு போடுகிற அப்பாவி. முன்பல் இரண்டும் இல்லாததால் 'பொலிஷ்' என்று சொல்ல வராது. படலையில் நின்று, "பொலிஸ் வந்திருக்கு!" என்று கூப்பிடுவார். உப்புக்குளத்தில் பாதி வீடுகளில் கதவு திறக்க ஆள் இராது, பின்மதிலால் குதித்திருப்பார்கள். "எல்லாரும் எங்கை போட்டினம்?" என்று அவரும் குழம்பி நிற்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பொலிஸ்காரர்.

அக்காவைப் பெண் பார்க்க உயிலங்குளத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக்கழித்தவள், இந்த ஒருவருக்குத்தான் ஓம் என்றிருந்தாள். அம்மாவுக்கு வேறு கவலை. விறாந்தையில் நின்ற பழைய முதிரைமர அலுமாரிக்கு யாரோ ஒரு காலத்தில் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்கள். "இதைப் பாத்தா ஆஸ்பத்திரி எண்டெல்லோ நினைப்பினம்!" என்றாள். பொலிஸ்காரர் வரவழைக்கப்பட்டார்.

கடை வார்னிஷை அவர் கையாலும் தொடமாட்டார். பழைய பெயின்ற்றைச் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, அரக்கை ஸ்பிரிற்றில் ஊறவைத்து, துணியில் சுற்றிய பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பூசுவார். ஒரு பூச்சுக் காய்ந்தால்தான் அடுத்தது. இடையில் மறந்துபோய், "இந்தப் பக்கம் பூசினனானோ?" என்று அலுமாரியிடமே கேட்பார். வீடு முழுக்க ஸ்பிரிற் நாற்றத்தில் எங்களுக்கே தலை சுற்றியது.

சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் நோட்டம் பார்க்க வந்துவிட்டார். மனிதர் மாதா கோயில் மது ஒழிப்புச் சபைத் தலைவர். அநுராதபுரத்துக் கந்தோரில் வேலை பார்த்தே காலம் தள்ளியவர். அங்கே பழகிய சிங்களத்தில் சாராயத்துக்குப் பெயர் அரக்கு. பூச்சு நாற்றத்துக்குத் தப்பி, நாங்கள் எல்லோரும் குசினி அடுப்படியில். கதவைத் திறந்தவர் நம்ம ஆள்.

"வாங்கோ. நான் பொலிஸ்."

"பொலிஸோ? வீட்டுக்காரர் எங்கை?"

"எல்லாரும் உள்ளுக்கை."

"ஐயோ, என்னத்துக்கு?"

"எல்லாம் அரக்காலைதான். நில்லுங்கோ, உங்களையும் உள்ளுக்கை விடுறன்."

மனிதர் நிற்பாரா? வந்த ஓட்டோவிலேயே பறந்துவிட்டார். பின்னேரம் கலியாணத் தரகர் மூச்சு வாங்க ஓடிவந்து, எங்களைக் கண்டதும், "எப்ப விட்டவங்கள்?" என்றார். விஷயம் விளங்கி, ஃபோன் எடுத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியவர் மசியவில்லை. பொலிஸே தன் வாயால் சொன்ன பிறகு என்ன கதை? சம்பந்தம் வேண்டாமாம்.

அரக்கைச் சாராயமாக்கிப்போட்டாய் என்று அம்மா பொலிஸ்காரரைத் திட்டித் தீர்த்தாள். அவர் தான் செய்த பிழை என்னவென்று விளங்காமல் தேய்த்துக்கொண்டேயிருந்தார். அக்கா, "போனாப் போகட்டும், எனக்கென்ன," என்றுவிட்டு நகர்ந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து வந்தால் ஆளையும் காணோம், அலுமாரியின் ஒரு கதவையும் காணோம். "படுபாவி, கதவையும் கழட்டிக்கொண்டு போட்டான்!" என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

அவர் கதவைக் காவிக்கொண்டு பஸ் ஏறி உயிலங்குளம் போயிருந்தார். போய்ச் சும்மா நின்றாரா? "பொலிஸ் வந்திருக்கு!" என்று கத்தினாராம். சபைத் தலைவர் குடும்பத்தோடு பின்பக்கத்தால் வயலுக்குள் இறங்கிவிட்டார். இவர் வெயிலில் கதவை மதிலோடு சாத்திவைத்து, ஆட்கள் வரும்வரைக்கும் இன்னொரு பூச்சுப் பூசத் தொடங்கிவிட்டார். சேற்றுக் காலோடு மெல்லத் திரும்பியவர்களிடம் கதவைக் காட்டினாராம்.

"ஐயா, இதுதான் அரக்கு. குடிக்கேலாது, பூசத்தான் ஏலும்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாவாம். பிறகு பெரியவருக்கும் அடக்க முடியவில்லை.

அக்காவின் கலியாண வீட்டில் சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். "எல்லாரும் உங்களை ஏசினதுதான், ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. பிறகேன் அந்த வெயிலுக்கை கதவையும் காவிக்கொண்டு போனனீங்கள்?"

சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "பிள்ளை அலுமாரிக்குப் பின்னாலை நிண்டு அழுதது. நான் முன்னாலை நிண்டு தேய்ச்சுக்கொண்டிருந்தனான். காதிலை விழுந்திட்டுது. பிறகு என்னெண்டு தேய்க்கிறது?"

அக்கா அழுதது வீட்டில் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. எழும்பிப் போய், சட்டியில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்துவந்து அவர் தட்டில் வைத்தேன்.