பூமயில் வெட்டிக்கொண்ட பேங்ஸ்

பாம்பனில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று ஊதும். காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய்த் தேடுகிற ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில், சித்திரை வெயிலில், ஜன்னலை எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை இட்லியில் சொட்டச் சொட்ட ஒரு மனிதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயர் பாண்டீஸ்வரன். சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் வைத்து, கோயிலுக்கு வருகிறவர்களைத் தனுஷ்கோடிவரை கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருப்பவன். வேனுக்குள் இருபது பேரை அதட்டி உட்கார வைப்பான். வீட்டுக்குள் ஒரே ஒரு ஆளிடம்தான் அவன் பாச்சா பலிக்காது.

“பூமயிலு, சுவிட்சப் போட்டுக்கிறவா?”

“எந்த சுவிட்ச?” கண்ணாடி முன்னால் நின்றபடியே கேட்டாள் மனைவி.

“ஃபேன் சுவிட்சத்தான். உன் சுவிட்சு எங்கன இருக்குன்னு தெரிஞ்சிருந்தா எனக்கு இந்த நெலம வருமா?”

“முன்முடி இன்னும் காயலைங்க. இப்பப் போட்டா ஒண்ணு வடக்க போவும், ஒண்ணு தெக்க போவும்.”

“காயுறதுக்குத்தான புள்ள ஃபேனு?”

“ஃபேன்ல காயக்கூடாது. தானாக் காயணும்.”

“அப்ப நான்?”

“நீங்க எதுக்குக் காயணும்? சட்டினி ஊத்தவா?”

விஷயம் இதுதான். போன மாதம் புருவம் திருத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினாள் பூமயில். உமாமகேஸ்வரி என்று அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அங்கே பார்லர் வைத்திருந்தாள். சாயங்காலம் வாசலில் வந்து நின்றவள், “பேங்ஸ் வெட்டியாச்சு” என்றாள்.

“எந்த பேங்க்ல?” என்று பதறினான் பாண்டீஸ்வரன்.

“பேங்க் இல்லங்க, பேங்ஸு. நெத்தியப் பாருங்க.”

அவன் நெற்றியைத் தேடினான். காணோம். புருவம் வரைக்கும் முடி இறங்கி வந்து, அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது.

பூமயிலின் முடி பிறந்ததிலிருந்தே அலைமுடி. பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பாண்டீஸ்வரன் தடுக்கி விழுந்ததே அந்த அலையில்தான். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் இடுப்புவரை நீண்டிருந்தபோது அதன் கனமே அதைக் கட்டிப் போட்டிருந்தது. நெற்றியில் நறுக்கிவிட்டதும் அதற்குக் கேட்பாரில்லாமல் போயிற்று. காற்றில் கொஞ்சம் ஈரம் கூடினால் உப்பும். உப்புக்காற்று பட்டால் சிலும்பும். பாம்பனில் ஈரமும் உப்பும் இல்லாத காற்றுக்கு எங்கே போவது?

ஆகவே வீட்டுக்குச் சட்டதிட்டங்கள் வந்தன. தினமும் காலையில் முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் நனைக்க வேண்டும். அதுவரை அங்கே யாரும் பல் விளக்கக்கூடாது. துண்டால் துவட்டினால் சிலும்புமாம், பனியன் துணியால்தான் ஒற்றியெடுக்க வேண்டுமாம். பழைய பனியன் சொரசொரவென்று இருக்கிறது என்று அவனுடைய புதுப் பனியனை எடுத்துக்கொண்டாள். காய்ந்த முடியில் சீப்பு படக்கூடாது. வேனில் போனால் கண்ணாடி இறக்கக்கூடாது. ஏசி போட்டால் அதன் காற்று முழுக்க அவன் பக்கமாகவே திரும்பியிருக்க வேண்டும். அந்த ஒரு சட்டத்தை மட்டும் அவன் ஆட்சேபிக்கவில்லை, ஒரு பக்கக் காது விறைத்துப் போகும்வரை.

ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்தவன், கிண்ணத்தில் கொழகொழவென்று இருந்ததைப் பார்த்தான். ஜிகர்தண்டாவுக்கு ஊறவைத்த பாதாம் பிசின் என்று நினைத்து, சீனி போட்டுக் கலக்கி, நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டான்.

“ஐயய்யோ! அது ஆளிவிதையக் கொதிக்க வச்சு வடிச்சது. முடிக்குத் தடவுற ஜெல்லு!”

“ஜெல்லா? எனக்கு ஏதும் ஆயிருமா?”

“உங்களுக்கு என்ன ஆகும்? வயித்துக்கு நல்லதுதான். நாளைக்குக் காலையில நான் எதத் தடவுறது?”

அன்றைக்குத்தான் பாண்டீஸ்வரன் சபதம் எடுத்தான். இனி அந்த வீட்டில் ஒன்று அவன் இருக்க வேண்டும், அல்லது அந்த முடி இருக்க வேண்டும். முடி போகிற மாதிரி தெரியவில்லை என்பதால் வேன் ஸ்டாண்டுக்குப் போய் ரிஃபாயிடம் யோசனை கேட்டான். ரிஃபாயும் வேன் ஓட்டுகிறவன். குடும்ப விவகாரங்களில் அடிபட்டுத் தேறியவன்.

“மாப்ள, திட்டுனியா?” என்றான் ரிஃபாய்.

“திட்டிப் பாத்தேன். கெஞ்சிப் பாத்தேன். வேர்க்குருவக் கூடக் காட்டிப் பாத்தேன்.”

“திட்டுனா அது வளரத்தான் செய்யும். ஒண்ணச் சொல்றேன், கேட்டுக்க. ஒரு பொம்பள ஆசப்பட்டு வச்சிருக்கிறத விடவைக்கணும்னா, அதையே அவ நாத்தனாளும் வச்சுக்கிறணும். எம் பொஞ்சாதி லாமியா ஒரு பச்சச் சேல எடுத்தா. என் அக்காவும் அதே சேலைய எடுத்தா. இப்ப அந்தச் சேல எங்க வாசல்ல கெடக்கு, மிதியடியா.”

பாண்டீஸ்வரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனுக்கும் ஓர் அக்கா உண்டு. ராக்கு. திருப்புல்லாணியில் இருக்கிறாள். அவள் கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டி வந்தால், பூமயில் ஒரு மாதத்துக்குக் கத்தரிக்காய்கூட வாங்க மாட்டாள். போதாக்குறைக்கு ராக்குவுக்கும் அலைமுடி. வைகாசியில் அவள் மகள் சிநேகாவுக்கு நிச்சயதார்த்தம் வேறு. அத்தான் மலேசியாவில் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டதால், எல்லாப் பொறுப்பும் தாய்மாமன் பாண்டீஸ்வரன் தலையில்தான். பொறுப்போடு பொறுப்பாகப் போன் போட்டான்.

“அக்கா, மாப்பிள்ள வீட்டுக்காரங்க மதுரை ஆளுக. நீ எண்ணெயத் தேச்சு வழிச்சுச் சீவிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?”

“ஏலே, பொண்ணுக்கு நிச்சயமா, எனக்கா?”

“பூமயிலப் பாரு. நெத்தியில பேங்ஸு வெட்டினதுல இருந்து பத்து வயசு கொறஞ்சு நிக்கிறா. உனக்கும் அவளாட்டமே முடி. வெட்டிக்கிட்டு நின்னேன்னா, பொண்ணோட அம்மாவா, அக்காவான்னு சந்தேகம் வந்துரும்.”

ராக்கு மெதுவாக, “அக்கான்னா சொல்லுவாக?” என்றாள்.

பாண்டீஸ்வரன் போனை வைத்துவிட்டு விசில் அடித்தான். அதற்குப்பின் வேர்த்தபோதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் வேனைத் திருப்புல்லாணி மண்டபத்து வாசலில் நிறுத்தினான். இறங்குவதற்குள் சிநேகா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

“மாமா, அம்மா ரூமுக்குள்ள போயிப் பூட்டிக்கிருச்சு. தலையில துண்டப் போட்டுக்கிட்டு அழுகுது. மாப்பிள்ள வீட்டுக்காரங்க ராமநாதபுரம் தாண்டிட்டாங்களாம்.”

பாண்டீஸ்வரன் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி உள்ளே போனான். பின்னாலேயே பூமயிலும் போனாள். ராக்கு துண்டை எடுத்தாள்.

அவனுக்கு ஒரு கணம் அது ராக்கு என்றே தெரியவில்லை. நடு நெற்றிக்கு மேலே, கோபப்பட்ட கீரிப்பிள்ளை ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

“முந்தாநாளு பக்கத்துல ஒரு கடையில வெட்டுனேன்” என்று தேம்பினாள் ராக்கு. “நல்லா நனைச்சு, இழுத்துப் பிடிச்சு வெட்டுனா. அப்பப் புருவத்துக்கு வந்துச்சு. காயக் காய மேல ஏறிக்கிருச்சு! சீவச் சீவ எந்திரிக்குது! எண்ணெய வச்சேன், இன்னும் மோசமாயிருச்சு. ஏலே பாண்டி, உன் பேச்சக் கேட்டுத்தானடா வெட்டுனேன்! நீதானடா போன் போட்டு வெட்டச் சொன்ன!”

பாண்டீஸ்வரன் திரும்பிப் பூமயிலைப் பார்த்தான். பூமயில் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இப்போது வெடிக்கும், மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் நாத்தனாரும் இவளும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி மல்லுக்கு நிற்பார்கள், சிநேகா கல்யாணம் இவன் வாயாலேயே கெட்டுப்போகும் என்று பயந்தான். விளையாட்டாகப் பற்றவைத்த தீக்குச்சி எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பூமயில் இடுப்பில் முந்தானையைச் செருகினாள்.

“மதினி, மொதல்ல அந்தச் சீப்பக் கீழ வையுங்க” என்றாள்.

கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஷாம்பு வந்தது, ஜெல் வந்தது, கிளிப்புகள் வந்தன, பாண்டீஸ்வரனுடைய பனியன்கூட வந்தது. ராக்குவின் முன்முடியை மட்டும் குழாயடியில் காட்டி எண்ணெய் போக அலசினாள். பனியனால் ஒற்றினாள். ஈரம் இருக்கும்போதே ஜெல்லைத் தடவி, ஒவ்வொரு கொத்தாகப் பிரித்து, விரலில் சுற்றிக் கீழ்நோக்கி இழுத்து, நுனியில் கிளிப் மாட்டினாள்.

“அலைமுடியக் காஞ்சப்புறந்தான் வெட்டணும் மதினி. அதுவும் நெனச்சத விட எறக்கமா விட்டு வெட்டணும். அது சுருங்கும். அத யாரும் உங்களுக்குச் சொல்லல. சொல்ல வேண்டிய ஆளு பாதிய மட்டும் சொல்லியிருக்காரு.”

பாண்டீஸ்வரன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தான்.

வெளியே கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றியாக வேண்டும்.

“இந்தக் கிளிப்போட நான் எப்பிடி வருவேன்?” என்றாள் ராக்கு.

“கொஞ்சம் காயட்டும், கழட்டிருவோம். சபைக்கு வந்தப்புறம் மிச்சம் தானாக் காயும். ஆனா ஒண்ணு” என்று பூமயில் கணவனைப் பார்த்தாள். “மண்டபத்துல ஒரு ஃபேனு ஓடக்கூடாது.”

“அடியே! வைகாசி மாசம்! எரநூறு பேரு!”

“நீங்க தாய்மாமன். நீங்க சொன்னா சபை கேக்கும்.”

அவன் போய் வரிசையாக சுவிட்சுகளை அணைத்தான். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கி நின்றன. சபை முழுக்க அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா வீரையா நல்ல ஆகிருதி. சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டிவிட்டது.

“என்ன தம்பி, கரண்டு போயிருச்சா?”

“ஆமாங்கய்யா.”

வீரையா டியூப்லைட்டுகளைப் பார்த்தார். வாசலில் மின்னிக்கொண்டிருந்த சீரியல் லைட்டுகளைப் பார்த்தார். ஸ்பீக்கரில் நாதஸ்வரம் கிழிந்துகொண்டிருந்தது.

“அதெல்லாம் எரியுதே?”

“அது… வேற லைனுங்கய்யா.”

பின்னால் இருந்த ஓர் அம்மாள், “ஃபேனு போடக் கணக்குப் பாக்குற எடத்துலயா பொண்ணு எடுக்குறோம்?” என்றாள். நாலு தலைகள் ஆடின. வீரையாவின் முகம் மாறியது. பாண்டீஸ்வரன் கண்ணில் பட்டது குத்துவிளக்கு ஒன்றுதான்.

“உண்மையச் சொல்லிடுறேன்யா” என்று கைகூப்பினான். “எங்க குடும்பத்துல ஒரு வழக்கம். தட்டு மாத்தி முடிக்கிற வரைக்கும் குத்துவெளக்குச் சுடர் அசையக்கூடாது. அசைஞ்சா பொண்ணுக்கு ஆகாதும்பாக. சொன்னா நீங்க சிரிப்பீகளோன்னு கூச்சப்பட்டேன்.”

வீரையா விளக்கைப் பார்த்தார். சுடர் ஆடாமல் நின்றது. அவர் கண் பனித்தது, அல்லது வியர்வை இறங்கியது.

“நல்ல வழக்கம் தம்பி. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா? சரி, கையால வீசிக்கிட்டாத் தப்பில்லையே?”

“தப்பே இல்லங்கய்யா.”

“அப்ப தாய்மாமன் வீசுனா மரியாதையா இருக்கும்.”

யாரோ ஒரு பனையோலை விசிறியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்கள். பாண்டீஸ்வரன் வீசினான். வீரையாவுக்கு வீசினான், வீரையாவின் தம்பிகளுக்கு வீசினான், கணக்குப் பேசிய அம்மாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வீசினான். விளக்குப் பக்கம் காற்றுப் போகாமல் ஒருச்சாய்த்து வீச வேண்டியிருந்ததால் தோள்பட்டை கழன்றது. அவனுக்கு வீச ஆளில்லை.

ராக்கு வந்தாள். நெற்றியில் முடி புருவத்தைத் தொட்டும் தொடாமலும், கரையில் வந்து படுக்கிற சின்ன அலை மாதிரி மடிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் பார்த்த கீரிப்பிள்ளையா இது என்று பாண்டீஸ்வரன் விசிறியை நிறுத்திப் பார்த்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

“பொண்ணுக்கு அக்காவா?” என்றாள் ஒருத்தி.

ராக்குவின் முகத்தில் குத்துவிளக்கு இன்னொன்று ஏறியது. பூமயிலின் கையை எட்டிப் பிடித்து, “எல்லாம் எங்க பூமயிலு கைராசி” என்றாள். பதினைந்து வருசத்தில் ராக்கு வாயிலிருந்து ‘எங்க பூமயிலு’ என்று வந்து பாண்டீஸ்வரன் கேட்டதில்லை. தட்டு மாற்றினார்கள். சிநேகா சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவன் இன்னும் ஒரு மணி நேரம்கூட வீசியிருப்பான். அப்படி எதுவும் அவனிடம் கேட்டுவிடாமல் யாரோ ஃபேனைப் போட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ராக்கு, வாரம் ஒருக்கா பாம்பனுக்கு வந்து தங்கி முடியைப் பழக்கிக்கொள்வதாகச் சொன்னாள். “வாங்க மதினி, உங்க வீடு” என்றாள் பூமயில். பாண்டீஸ்வரனுக்குப் பாயசம் இறங்கவில்லை.

திரும்பி வருகிறபோது உச்சிப்புளி தாண்டும்வரை ஒற்றைக் கையால் ஓட்டினான். வலது கை ஸ்டியரிங்கைப் பிடிக்க மறுத்தது. பூமயில் பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகைப்பூவை மடியில் வைத்துச் சரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“பூமயிலு, அக்காவுக்கு நான் போன் போட்டது…”

“தெரியும். நீங்க வச்ச மறுநிமிசமே மதினி எனக்குப் போன் போட்டு, உம் புருசனுக்கு வெயில்ல ஏதும் ஆயிருச்சான்னு கேட்டாக.”

“அன்னைக்கேவா? பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

பூமயில் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்குக் காலையிலதாங்க, இந்த முடியோட இனிமே மல்லுக்கட்ட முடியாது, பேசாம வளத்து விட்டுருவோம்னு முடிவு பண்ணியிருந்தேன். நீங்க போட்ட கணக்கு அந்தப் போனுல புரிஞ்சப்புறந்தான், இன்னும் ஒரு வருசம் வச்சுப் பாப்போமேன்னு தோணுச்சு.”