கொள்ளுத் தாத்தாவுக்கு முப்பத்து நான்கு மதிப்பெண்

பேரன்புள்ள அண்ணா அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பி மனைவியும் நலம். என் வலது முழங்காலும் நலம். இடது முழங்காலைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள், உட்கார்ந்துகொண்டு.

நம் கொள்ளுத் தாத்தா இந்த ஊர்ப் பள்ளியின் முதல் தலைமையாசிரியர், நாற்பது ஆண்டுகள் பணியாற்றியவர் என்று நீங்கள் கல்லில் செதுக்கியே விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியும் விட்டீர்கள். பள்ளித் தாளாளரோ, ஆதாரம் காட்டினால்தான் சுவரில் கல் ஏறும் என்கிறார். அவரிடம் நான் முதல் தடவை போனபோதே, "என் கொள்ளுத் தாத்தாதான் சார் இங்க முதல் கணக்கு வாத்தியார். நான் ஒரு கல்லாவது வெச்சேனா?" என்று அரை மணி நேரம் தன் அடக்கத்தைப் பற்றிப் பேசினார். சரி, ஆதாரம்தானே, ஒரு நாள் வேலை என்று ஆவண அறைக்குப் போனேன். பதினொரு நாள் ஆயிற்று.

முதல் நாள், பொறுப்பாளரம்மா என் சட்டைப் பையைப் பார்த்து, "பேனா உள்ளே வரக் கூடாது சார், பென்சில் மட்டும்தான்" என்றார். நீலப் பேனாவைக் கொடுத்துவிட்டேன். சிவப்புப் பேனா எனக்குப் பேனா என்றே தோன்றவில்லை அண்ணா, அது முப்பத்தைந்து வருஷ வாத்தியார் வேலையில் என் உடம்போடு ஒட்டியது, மூக்குக் கண்ணாடியை யாராவது சாமான் என்று சொல்வார்களா? தலைமையாசிரியர் பட்டியலைக் கேட்டேன். முதல் நான்கு பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. சம்பளப் பதிவேட்டைக் கேட்டேன். மழைநீரில் ஊறி, பெயர்கள் எல்லாம் கலங்கிய காபி மாதிரி இருந்தன. ஒன்பதாம் நாள்தான், பள்ளி தொடங்கிய வருஷம் ஆசிரியர் வேலைக்கு வைத்த தேர்வின் விடைத்தாள்கள் ஒரு கட்டு வந்தது. கட்டை அவிழ்த்தால் திரும்பக் கட்ட வேண்டுமே என்று மேல்தாளை மட்டும் உருவினேன். தலைப்பில் நம் கொள்ளுத் தாத்தாவின் பெயர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு படித்தேன். எட்டு ஆட்கள் ஆறு நாளில் கட்டும் சுவரைப் பன்னிரண்டு ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்? நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாள் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். இவர் ஒன்பது நாள் என்று எழுதி, கீழே, 'ஆட்கள் கூடினால் பேச்சும் கூடும்' என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார். அதற்கடுத்த கணக்கில் ஒரு தொட்டி நிரம்பவே இல்லை. தாளை யாரும் திருத்தவும் இல்லை. திருத்தாத தாளைப் பார்த்தால் என் கை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். பொறுப்பாளரம்மா ஓடி வந்தபோது நான் சிவப்புப் பேனாவால் கூட்டல் போட்டு, நூற்றுக்கு முப்பத்து நான்கு என்று வட்டமிட்டு, 'பயிற்சி போதாது' என்றெழுதி, தேதியோடு கையெழுத்தும் வைத்திருந்தேன்.

"ஐயோ சார்! இது நூறு வருஷத்துக்கு மேலான ஆவணம் சார்!"

"மன்னிச்சிடும்மா. கை தானா போயிடுச்சு."

அந்தம்மா தாளைப் பார்த்தார். "சொந்தத் தாத்தாதானே? ஒரு மார்க் சேர்த்துப் போட்டுப் பாஸாவது பண்ணியிருக்கலாமே?"

"சொந்தக்காரங்களுக்கு மார்க் போடற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்றேன். என் பெரிய பையனையே நான் எட்டாம் வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள்கூட ஆறு மாசம் என்னோடு பேசவில்லை.

கிடைத்ததை மறைக்கலாமா அண்ணா? நகல் எடுத்துத் தாளாளரிடம் கொடுத்தேன். அவர் அதை ஆசிரியர் அறைக்கே எடுத்துப்போய் உரக்கப் படித்தார். "ஆள் கூடினா நாளும் கூடுமாம்! வாத்தியாரே, உங்க பரம்பரையே பரம்பரை!" பிறகு கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று படிக்கிறார்கள். ஆகவே அண்ணா, தம்பி சொல்கிறேனே என்று கோபிக்காமல், கல்லை அம்மிக்கோ துணி துவைக்கவோ கொடுத்துவிட்டு, சொந்தக்காரர்களுக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். பொய் வேண்டாம் என்றால் கல்லுக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். இந்த வயதில் நீங்கள் அந்தப் பலகையைக் கடந்து உள்ளே நடப்பதை என்னால் பார்க்க முடியாது.

அண்ணிக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லவும். குழந்தைகளுக்கு ஆசிகள், கணக்கில் கவனமாக இருக்கட்டும்.

என்றும் பணிவுள்ள
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு ஆவண அறையிலிருந்து போன், அதனால் பிரித்து எழுதுகிறேன். என்மேல் புகார் எழுதுவதற்காக அந்தம்மா கட்டை அவிழ்த்தாராம். "சார், பன்னிரண்டு தாளிலும் உங்க தாத்தா பேர்தான் மேலே இருக்கு. திருத்த வேண்டியவர் அவர். எழுதினவங்க பேர் பின்னால இருக்கு, திருப்பிப் பார்க்கலையா?" முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளிடம் 'பின்பக்கம் திருப்பிப் பார்' என்று கத்தியவன் நான். கட்டின் அடியில் ஓர் உத்தரவும் இருக்கிறதாம்: தலைமையாசிரியர் நான்கு மாதமாகத் தாள்களைத் திருத்தாததால் பதவி நீக்கம், எழுதிய பன்னிரண்டு பேருக்கும் அப்படியே வேலை. ஆகவே கல்லை உடைக்க வேண்டாம், 'நாற்பது ஆண்டுகள்' என்பதை மட்டும் 'நான்கு மாதங்கள்' என்று மாற்றச் சொல்லுங்கள். நான் மதிப்பெண் போட்ட தாளின் பின்பக்கத்தில் இருப்பது தாளாளரின் கொள்ளுத் தாத்தா, முதல் கணக்கு வாத்தியார். அவரிடம் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுதான் முறை. ஆனால் உடனே சொல்லட்டுமா, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த நகல் பலகையிலேயே இருக்கட்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அண்ணா. சாவி அவரிடம்தான் இருக்கிறது.