இருநூறு கிலோ வரைபடம்

திருநாவுக்கரசு அன்று ஒரு சபதம் செய்தார். ராத்திரி தோசையைக் காப்பாற்றியே தீருவது!

எல்லாம் மனைவி சியாமளா செய்த வேலை. "காலங்காத்தால சதுரங்கப்பட்டினம் வரைக்கும் நடக்கிறீங்க. பேண்ட்டு என்னமோ நாளுக்கு நாள் சின்னதாகிட்டே போகுது. இன்னிலேர்ந்து ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நடந்தும் இளைக்காததன் ரகசியம் அவருக்கு மட்டும் தெரியும். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் பக்கத்தில் மேரியின் வடைக்கடை. "இன்னா சாரு, நாலு போதுமா?" என்று மேரி கேட்பாள். போதாது என்பார்.

அணுபுரத்தில் குடியிருக்கும் ஆராய்ச்சியாளர் கஞ்சிக்கு நடுங்கலாமா? நடந்து வந்த கையோடு எடை பார்த்து, அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பது அவர் வழக்கம். எண்ணை மாற்றி எழுத மட்டும் அவருக்குக் கை வராது. அது தொழில் தர்மம். அந்த எண்களை வரைபடமாகப் போடும்போது தர்மம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே க்னூபிளாட் என்ற மென்பொருளில் வரைபடம் போடுவதில் ஆபீஸில் அவரை அடிக்க ஆளில்லை. எடை அச்சைப் பூஜ்யத்திலிருந்து இருநூறு கிலோ வரை இழுத்துவிட்டார். என்டரைத் தட்டினார். ஏறின எடையெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி படுத்துவிட்டது!

"சியாமளா! இங்க வந்து பாரு. ஒரு கிராமாவது ஏறியிருக்கா?"

பார்த்தாள். "இல்லீங்களே."

"அப்போ ராத்திரிக்கு?"

"தோசைதான்."

திருநாவுக்கரசுக்குத் தலைகால் புரியவில்லை. முறுகலாக மூன்று, கெட்டிச் சட்னி என்று ஆர்டரே போட்டுவிட்டார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா!"

"அது சரி, இருநூறு கிலோ எதுக்குங்க? யானைக்குட்டியா வளர்க்கிறோம்?"

"எங்க வேலையில எதுக்கும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் பழக்கம்."

சியாமளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அளவை எடைக்குத் தக்கபடி தானே அமைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள்: செட் ஆட்டோஸ்கேல். மறுபடி வரைய இன்னொன்று: ரீப்ளாட். படுத்திருந்த கோடு துள்ளி எழுந்து மலையேற ஆரம்பித்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணமான புதுசுல மாமல்லபுரம் கூட்டிட்டுப் போய், கடலைப் பார்த்துக்கிட்டு சாயங்காலம் பூரா இதைத்தானே பேசினீங்க? வேற என்ன பேசினீங்க?"

அவள் விரல் திரையில் நகர்ந்தது. "ஏறுது, ஏறுது, திடீர்னு ஒரு பள்ளம். மறுபடி ஏறுது, பள்ளம். பள்ளமெல்லாம் ஞாயித்துக்கிழமை. அன்னிக்கும்தானே நடந்தீங்க?"

"நடந்தேன்."

"ஞாயித்துக்கிழமை வழியில எது மூடியிருக்கும்?"

மேரி அன்று சர்ச்சுக்குப் போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் வயிறு நிறைய வடையோடு வந்து எடை பார்த்து, ஒன்று விடாமல் பதிந்து வைத்தவரே அவர்தானே!

"மேரி... வடைக்கடை" என்று உண்மை தானாக வெளியே வந்தது.

சியாமளா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வடை நல்லா இருக்குமா?"

"பிரமாதமா இருக்கும்!"

"அப்போ நாளைக்கு நானும் நடக்க வரேன். எனக்கு நாலு வடை வாங்கிக் கொடுங்க. உங்களுக்குக் கஞ்சியை ஃபிளாஸ்க்குல எடுத்துட்டு வரேன்."